ஜீயஸுக்கு என்ன வேலை

"ஜீயஸுக்கு என்ன வேலை அம்மா?" என்று கேட்டான் நிக்கியாஸ்.

மிரினா அடுப்பில் தண்ணீர்ப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கடல் பொசைடனுக்கு. செத்தவர்கள் ஹேடிஸுக்கு. விளைச்சல் டிமிட்டருக்கு. கொல்லுப்பட்டறை ஹெஃபெஸ்டஸுக்கு. ஹெர்மிஸ்கூட நாள் முழுக்க ஓடுகிறான். இவரைத் தெய்வங்களுக்கெல்லாம் ராஜா என்கிறார்கள். இவர் என்ன செய்கிறார்?"

"வாசலில் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை."

"பார்த்துவிட்டுச் சொல்."

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒருவரும் இல்லை."

"அப்படியானால் தண்ணீர் காயட்டும்."

"மூன்று வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள்."

"மூன்று வருடமாகத் தண்ணீர் காய்கிறது."

*

அது கிரேக்க மலைநாட்டில் இருந்த ஜீயஸ் கோயில். கோயில் என்றால் ஒரு பெரிய ஓக் மரம், அதற்கு எதிரே வைக்கோல் வேய்ந்த ஒரு வீடு. அவ்வளவுதான்.

மிரினா அங்கே பூசாரி. முப்பத்திரண்டு வயது. நிக்கியாஸ் அவளிடம் சீடனாக வந்தபோது அவனுக்கு நாற்பத்தேழு. முதல் மாதம் அவளை அம்மா என்று கூப்பிட நாக்கு வளையவில்லை. அதற்கு முன்னால் இருபது வருடம் அவன் ஈட்டி பிடித்தவன்.

அந்த வீட்டில் இரண்டு வழக்கங்கள் இருந்தன.

அங்கே சேவை செய்கிறவர்கள் தங்கள் கால்களைக் கழுவக் கூடாது. மண்ணில் நடந்து, மண்ணிலேயே படுக்க வேண்டும்.

வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் காலைக் கழுவ வேண்டும். சாப்பாடு போட வேண்டும். அதன் பிறகுதான் பெயர் கேட்க வேண்டும்.

கால் கழுவப்பட்டவர் விருந்தாளி. விருந்தாளியின் உயிர் அந்த வீட்டின் உயிர், அவர் அடுத்த கூரைக்குள் நுழையும் வரை. ஒரே வீட்டில் விருந்தாளியான இருவர் ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கக் கூடாது. இது ஜீயஸ் போட்ட சட்டம் என்று அந்த நாட்டில் எல்லாரும் நம்பினார்கள். திருடனும் நம்பினான்.

*

"இன்னொன்று கேட்கலாமா?" என்றான் நிக்கியாஸ்.

"கேள்."

"பெற்ற அப்பாவைச் சிறை வைத்தவர். கட்டிய மனைவியை ஏமாற்றியவர். ஊர் ஊருக்குக் கதை இருக்கிறது. அவர் போட்ட சட்டத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?"

"எல்லாம் செய்தவர்தான் என்று நானும் கேள்விப்பட்டேன்."

"நீங்கள் மறுப்பீர்கள் என்று நினைத்தேன்."

"நான் பார்க்கவில்லை. எப்படி மறுப்பேன்?"

"அப்புறம் எதற்கு இங்கே இருக்கிறீர்கள்?"

மிரினா அடுப்பருகே குனிந்தாள். பானைத் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"வந்துவிட்டார்," என்றாள்.

*

வந்தவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோளில் கட்டுப் போடாத வெட்டு. செருப்பு இல்லை. ஓடி வந்தவன் என்பது பார்த்தாலே தெரிந்தது.

நிக்கியாஸ் அவனை உட்காரவைத்தான். வெந்நீரை ஊற்றிக் காலைக் கழுவினான். குதிகால் பிளந்திருந்தது. இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. விரல் இடுக்கில் இருந்த சேற்றை எடுக்க நேரம் பிடித்தது.

"வலிக்கிறதா?"

"இல்லை."

"வலித்தால் சொல்லுங்கள்."

"சொல்ல மாட்டேன்."

பார்லி அப்பமும் ஆட்டுப்பால் கட்டியும் ஒரு கை ஆலிவும் வைத்தான். வந்தவன் எல்லாவற்றையும் தின்றான். தட்டில் விழுந்த துணுக்குகளையும் விரலால் ஒற்றித் தின்றான்.

"இனிக் கேட்கலாம்," என்றான் நிக்கியாஸ். "உங்கள் பெயர்?"

வந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஓர்மெனோஸ்."

"எந்த ஓர்மெனோஸ்?"

"கெரினாவை எரித்தவன்."

நிக்கியாஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

*

தட்டைக் கழுவினான். துடைத்தான். இருந்த இடத்தில் வைத்தான். பிறகு பேசினான்.

"அம்மா, எனக்கு ஒரு நாழிகை விடுப்பு வேண்டும்."

"எதற்கு?"

"ஒரு நாழிகைக்கு நான் இந்த வீட்டு ஆள் இல்லை. அவ்வளவு போதும்."

மிரினா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கெரினா என் ஊர்," என்றான் நிக்கியாஸ். "பத்து வருடம் ஆகிறது. என் தம்பி தானியக் களஞ்சியத்துக்குள் இருந்தான். வெளியே தாழ் போட்டுவிட்டுத் தீ வைத்தார்கள். வைக்கச் சொன்னவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். நான் கழுவிய காலோடு."

"உன் தம்பி பெயர் என்ன?"

"லிசிஸ்."

அவள் தலையசைத்தாள்.

"இடுப்புக் கச்சையை அவிழ்த்து வை."

சேவை செய்கிறவர்கள் கட்டும் கச்சை அது. அவன் அவிழ்த்து வைத்தான்.

"இப்போது நீ வெளியாள். போகலாம்."

அவன் அப்பம் அறுக்கும் கத்தியை எடுத்தான்.

"கத்தியைக் கொண்டு போ," என்றாள் மிரினா. "கையை மட்டும் வைத்துவிட்டுப் போ."

"என்ன?"

"அவன் காலைக் கழுவியது இந்த வீட்டுக் கை. அது இங்கேயே இருக்கட்டும்."

நிக்கியாஸ் தன் கையைப் பார்த்தான். விரல் நுனிகள் வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

விரல்களை மடக்கி விரித்தான்.

"முன்னாலேயே பெயரைக் கேட்டிருந்தால்?" என்றான்.

"அதனால்தான் பின்னால் கேட்கிறோம்."

அவன் கத்தியை வைத்தான். கச்சையை எடுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போது மலைப்பாதையில் கேடயங்கள் உரசும் சத்தம் கேட்டது.

*

முப்பது பேர் இருந்தார்கள். முன்னால் அவர்களுடைய தளபதி நொண்டிக்கொண்டே வந்தான்.

மிரினா வாசலில் போய் நின்றாள். நிக்கியாஸ் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"ஓர்மெனோஸ் உள்ளே இருக்கிறானா?" என்றான் தளபதி.

"இருக்கிறான்."

அவள் பொய் சொல்வாள் என்று நிக்கியாஸ் எதிர்பார்த்திருந்தான்.

"வெளியே அனுப்பு."

"எனக்கு உரிமை இல்லை. காலைக் கழுவியவர்தான் வீட்டுக்காரர். அவரைக் கேளுங்கள்."

சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். இப்போது வாசலில் நிக்கியாஸ் மட்டும் நின்றான்.

தளபதி அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். காலில் பார்வை நின்றது. மூன்று வருடத்து மண்.

"நீயா அடுத்தவன் காலைக் கழுவுகிறவன்? முதலில் உன் காலைக் கழுவக் கூடாதா, கிழவா?"

வீரர்கள் சிரித்தார்கள்.

"அது வழக்கமில்லை," என்றான் நிக்கியாஸ்.

"போகட்டும். அந்த ஆளை அனுப்பு. எங்கள் ராஜாவின் படையை ஒரு போரில் அழியவிட்டுவிட்டு ஓடி வந்தவன். அவன் தலை வேண்டும். இல்லையென்றால் என் தலை வேண்டும் என்று ராஜா சொல்லியிருக்கிறார். உனக்கு இதில் என்ன? அவன் உனக்கு யார்?"

"என் தம்பியைக் கொன்றவன்."

யாரும் சிரிக்கவில்லை.

"எரித்துக் கொன்றவன்," என்றான் நிக்கியாஸ்.

"அப்புறம் என்ன? உன் வேலையைத்தானே நாங்கள் செய்ய வந்திருக்கிறோம். நகர்ந்து நில்."

நிக்கியாஸ் நகரவில்லை.

"அவனைக் கொல்ல வரிசை நிற்கிறது என்றால் உங்களுக்கு முன்னால் நான் நிற்கிறேன். பத்து வருடமாக நிற்கிறேன். இன்றைக்குக் கத்தியை எடுத்தும் வைத்தாயிற்று. நானே கொல்லவில்லை. நீங்கள் எப்படிக் கொல்வீர்கள்?"

தளபதி கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"வைக்கோல்தானே?"

"ஆமாம்."

"தீப் பிடிக்குமா?"

"நன்றாகப் பிடிக்கும்," என்றான் நிக்கியாஸ். "எனக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து ஓர்மெனோஸ் எழுந்து வருவது கேட்டது. "நான் வெளியே போகிறேன்," என்றான் அவன். "விடு. உனக்கும் நல்லது."

நிக்கியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்கள் சாப்பிட்டு ஒரு நாழிகைகூட ஆகவில்லை," என்றான். "உட்காருங்கள்."

*

வாசலில் ஒரு கல் இருந்தது. வருகிறவர்கள் உட்காரும் கல். தளபதி அதில் போய் உட்கார்ந்தான். இடது கால் செருப்பைக் கழற்றினான்.

"மூன்று நாளாக ஒரு முள் உயிரை வாங்குகிறது," என்றான். "இதை எடுத்து முடிக்கும் வரை உனக்கு நேரம். அதற்குள் அவனை அனுப்பினால் சரி. இல்லையென்றால் கூரை. டேய், பந்தம் கட்டுங்கள்."

இரண்டு பேர் பந்தம் கட்டப் போனார்கள்.

தளபதி குனிந்து முள்ளைத் தேடினான். மார்புக் கவசம் வயிற்றில் இடித்தது. நகத்தால் நோண்டினான். முள் இன்னும் உள்ளே போயிற்று. பாதம் முழுக்கப் புழுதியும் காய்ந்த ரத்தமுமாக இருந்தது.

நிக்கியாஸ் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவன் யோசித்துச் செய்யவில்லை. பிறகு எத்தனையோ பேர் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். உள்ளே போனான், வெந்நீரோடு வந்தான், மண்டியிட்டான். காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"அசைக்காதீர்கள்."

"என்ன செய்கிறாய்?"

"நீங்கள் எடுத்தால் சாயங்காலம் ஆகும்."

வெந்நீரை மெல்ல ஊற்றினான். தோல் இளகியது. கட்டைவிரலால் அழுத்தினான். அரை விரல் நீளத்துக்கு ஒரு கருமுள் வெளியே வந்தது. சீழும் வந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினான். குதிகாலைத் தேய்த்தான். விரல் இடுக்குகளைத் தேய்த்தான்.

தளபதி கண்ணை மூடிக்கொண்டான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகம் தளர்ந்தது.

முன்வரிசையில் நின்ற ஒரு வயதான வீரன் இருமினான்.

"ஐயா."

"என்ன?"

"கால்."

"காலுக்கு என்ன?"

"கழுவியாயிற்று ஐயா."

தளபதி கண்ணைத் திறந்தான்.

*

பந்தம் கட்டிக்கொண்டிருந்த இருவரும் கையை நிறுத்தினார்கள்.

தளபதி தன் காலைப் பார்த்தான். நிக்கியாஸைப் பார்த்தான்.

"என்னை ஏமாற்றினாயா?"

"இல்லை," என்றான் நிக்கியாஸ். அவனும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "முள் இருந்தது. அதனால்..."

"ஒரு கால்தான் கழுவியிருக்கிறாய்."

"ஆமாம். ஒன்றுதான்."

"ஒரு கால் கழுவினால் விருந்தாளி இல்லை."

"அது எனக்குத் தெரியவில்லை," என்றான் நிக்கியாஸ். "இதுவரை யாரும் பாதியில் எழுந்து போனதில்லை."

தளபதி மிரினாவின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல். சட்டம் என்ன?"

"இடது கால் எங்கள் விருந்தாளி," என்றாள் மிரினா. "வலது காலில் நின்றுகொண்டு வீட்டை எரியுங்கள்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் சத்தம் விட்டான்.

தளபதி அந்தப் பக்கம் முறைத்தான். பிறகு எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முப்பது பேரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்போடு தரையில் இருந்த வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பந்தம் கட்டியாயிற்றா?" என்று கேட்டான்.

இருவரும் பாதி கட்டிய பந்தத்தைக் கீழே வைத்தார்கள்.

"கேட்கிறேன் இல்லையா?"

"கட்டலாம் ஐயா," என்றான் வயதான வீரன். "வைக்க வேறு ஆள் பாருங்கள். நான் ஊருக்குத் திரும்பிப் போகிற வழியில் நாலு வாசலில் தண்ணீர் கேட்க வேண்டியவன்."

"ராஜாவின் உத்தரவு இது."

"ராஜாவும் என்றைக்காவது ஒரு வாசலில் நிற்க வேண்டியவர்தானே ஐயா."

தளபதியின் ஈரக் காலில் காற்று பட்டது. நிக்கியாஸ் மண்டியிட்டபடியே இருந்தான். பானையில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

"ராஜாவிடம் என்ன சொல்வது?" என்றான் தளபதி. யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

"தாமதமாகிவிட்டது என்று சொல்லுங்கள்," என்றாள் மிரினா.

"எவ்வளவு தாமதம் என்று கேட்பார்."

"கால்."

"கால் நாழிகையா?"

"வெறும் கால்."

தளபதிக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று நினைத்தான், வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்து வலது செருப்பின் வாரை அவிழ்த்தான்.

காலை நீட்டினான்.

*

அன்றைக்கு முப்பத்தோரு பேருக்குக் கால் கழுவ வேண்டியிருந்தது. நிக்கியாஸுக்கு முதுகு விட்டுப்போயிற்று. மிரினா இன்னொரு பானையோடு வந்து வரிசையின் மறுமுனையில் மண்டியிட்டாள். மாவு தீர்ந்துபோய் ஆட்டுக்கு வைத்திருந்த தானியத்தையும் அரைத்தார்கள்.

ஓர்மெனோஸ் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கடைசியில் வந்த தளபதிக்கு வேறு இடம் இல்லை. அங்கேயே உட்கார்ந்தான். இருவரும் பேசவில்லை. உப்பை மட்டும் நகர்த்திக் கொடுத்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் நிக்கியாஸ் தளபதியிடம் வந்தான்.

"இனிக் கேட்கலாம். உங்கள் பெயர்?"

"திராசோன்," என்றான் தளபதி. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு அவன் இந்த எல்லையைத் தாண்டினால்?" என்று கேட்டான்.

"அடுத்த கூரைக்குள் நுழையும் வரை அவர் எங்கள் விருந்தாளி."

"அடுத்த கூரை எங்கே இருக்கிறது?"

"துறைமுகத்தில். கப்பலுக்கும் கூரை உண்டு."

"யார் கூடப் போவார்கள்?"

நிக்கியாஸ் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். கச்சை இல்லை. உள்ளே போய்த் தரையில் கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"நான்," என்றான்.

*

மறுநாள் வெயில் ஏறியதும் கிளம்பினார்கள்.

போரில் கேடயம் இடது கையில் இருக்கும்; பக்கத்தில் நிற்பவனைக் காக்கிறவன் அவனுக்கு வலது பக்கம் நிற்பான். நிக்கியாஸ் ஓர்மெனோஸின் வலது பக்கம் நடந்தான்.

"ஏன்?" என்று கேட்டான் ஓர்மெனோஸ்.

நிக்கியாஸ் யோசித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

"உன்னை நான் மன்னிக்கவில்லை," என்றான்.

"தெரியும்."

"மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை."

"சரி."

"கல் தடுக்கும். பார்த்து நட."

பாதையின் இரண்டு பக்கமும் திராசோனின் ஆட்கள் நின்றார்கள். ஈட்டிகளைத் தரைப் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். அந்த நடுவில்தான் போக வேண்டும். ஓர்மெனோஸின் நடை தயங்கியது. நிக்கியாஸ் அவன் முழங்கையைப் பிடித்தான். தம்பியைக் கொன்றவனின் கை சூடாக இருந்தது. விடவில்லை.

பாதி தூரம் போயிருப்பார்கள். அந்த வயதான வீரன் ஈட்டியைத் தூக்கிக் கேடயத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

அடுத்தவன் தட்டினான். எதிரில் நின்றவன் தட்டினான். பிறகு முப்பது கேடயங்களும். திராசோனும் வாளின் பிடியால் தன் மார்புக் கவசத்தில் தட்டினான். யாரும் கத்தவில்லை. இரும்பும் வெண்கலமும் மட்டும் பேசின. சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பியது. பள்ளத்தாக்கு முழுக்க உருண்டது.

நிக்கியாஸின் முதுகு நிமிர்ந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிவது அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நாட்டில் இடி கேட்டால் ஜீயஸ் பேசுகிறார் என்பார்கள்.

கீழே உழுதுகொண்டிருந்த ஒருவன் மாடுகளை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். அண்ணாந்து வானத்தை நாலு பக்கமும் பார்த்தான். ஒரு துணுக்கு மேகம் இல்லை.

இருவரும் அவன் வயலைக் கடந்தபோது கேட்டான்.

"இடி எங்கேயிருந்து வந்தது ஐயா?"

நிக்கியாஸ் மேலே பார்க்கவில்லை. ஓர்மெனோஸைப் பிடித்த கையை விடாமல், திரும்பி, மறு கையால் மலைப்பாதையைக் காட்டினான்.